வரிசை எண் பதினாலு

– அந்தக் கதவையே முறைச்சுப் பாத்துகினு இருந்தா தொறந்துடுமாங்க லீலாக்கா? வந்து உக்காருங்க.

– எப்படிம்மா உக்காருவேன்? ஒம்போது மணிக்கு உள்ள போன கழுதைங்க, இப்ப மணி பத்தேகால். ஆறு பொண்ணுங்க கூடி அப்படி இன்னாத்தப் பேசுதுங்க இவ்ளோ நேரம்? வேன் பதினோரு மணிக்கு, சுபத்ரா. அதை விட்டா கேம்ப்புக்கு வெளிச்சத்தோட போய்ச் சேர முடியாது.

– போயிடலாங்க.

– நீ ஒருத்தி. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் ‘போயிடலாங்க’ன்னு சொல்லிகினு உக்காந்திருப்பே. இரு, கதவுல காதை வச்சுப் பாக்கறேன்.

– அக்கா! மன்றம் நடக்கறப்ப பெரியவங்க பத்தடி தள்ளி இருக்கணும். நீங்க எழுதின விதிதானே?

– எழுதினேன் தாயே, எழுதினேன். எந்த நேரத்துல எழுதினேனோ! ‘சுடர் அணிப் பொண்ணுங்க தகராறைப் பொண்ணுங்களே தீத்துக்கணும், பெரியவங்களுக்கு ஓட்டு கிடையாது’ன்னு மீட்டிங்ல தொண்டை கிழியக் கத்தினது நான்தான். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. இப்ப என் தலையிலயே வந்து விடியுது பாரு.

– நல்ல விதிங்கக்கா அது.

– நல்ல விதிதான், என் மேல மனு வராத வரைக்கும்.

– மனுல இன்னா இருக்குன்னு சொன்னாங்களா?

– தேவிப்ரியா போன வாரம் எனக்குப் படிச்சுக் காட்டினா. என் கூடப் பொறந்த வேணுகோபால் பொண்ணு, நான் தூக்கி வளத்த குட்டி, ஜட்ஜம்மா கணக்கா நின்னுகினு படிக்கறா! ‘முடிச்சு டெஸ்டைப் பட்டு நூல்ல வச்சது நியாயம் இல்லை. அந்த டெஸ்ட் செல்லாதுன்னு மன்றம் சொல்லணும்.’ ரெண்டே வரி. கீழ பேரை மடிச்சு, ஊசி நூல் போட்டுத் தச்சிருக்கு. தீர்ப்பு சொன்ன பிறகுதான் பிரிக்கணும்.

– அதுவும் நம்ம அணி வழக்கம்தானே.

– கோந்து போட்டா பிரிச்சு ஒட்டிடுவாங்க, தச்சுட்டா தெரிஞ்சுடும்னு யோசனை சொன்னது யாரு? அதுவும் நான்தான். எல்லாத்துக்கும் நான்தான்! சரி, தச்சு வச்சா மட்டும் எனக்குத் தெரியாதா யாருன்னு? அந்த சந்தவாசல் பொண்ணு.

– லாவண்யாங்க.

– அவதான். தேறலைன்னதும் உம்முனு மூஞ்சியைத் தூக்கி வச்சுகினு போனா. கேம்ப் லிஸ்ட்ல பேரு வரல. மறுவாரம் மனு வந்து நிக்குது. நெஜத்தைச் சொல்லு, நீ எழுதிக் குடுத்தியா அவளுக்கு?

– லாவண்யாவுக்கு நான் ஒரு வரிகூட எழுதித் தரலைங்க.

– சத்தியமா?

– சத்தியமா.

– இல்ல, நீதான் அவ மேல உசிரை வச்சிருக்கே. அவ சேந்த நாள்லேர்ந்து பாக்கறேன். அவ வரலைன்னா உன் மூஞ்சி வாடிப்போவுது. இதுல இன்னா வருத்தம்னா, அவ வூட்டுக்கு நடையா நடந்தது யாரு? ‘பொட்டப் புள்ளைக்கு அணியும் வேணாம் கினியும் வேணாம்’னு அவ அப்பன் சொன்னப்ப, அந்த வெயில்ல போய் வாசல்ல நின்னு வாதாடினது நான். அவ சைக்கிள்ல வர்றாளே, ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி வாங்கிக் குடுத்தது நான். அப்படியாப்பட்டவ என் மேலயே மனு குடுப்பாளா? வயிறு எரியுதும்மா.

– நீங்க செஞ்சதை யாரும் இல்லைன்னு சொல்லலையேங்க. டெஸ்டைப் பத்தி மட்டும்தானே மனு.

– டெஸ்ட்ல இன்னா தப்பு? சொல்லு, இன்னா தப்பு? கயிறு அல்லது நூல்னு புக்ல போட்டிருக்கு. எங்க வூட்ல பட்டு நூல் மீதி கூடை கூடையாக் கெடக்கு. அணி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் அதைத்தான் எடுத்தாறேன். எட்டு வயசுல நான் கண்ணை மூடிகினு முடிச்சுப் போடுவேன், சுபத்ரா. தறியில மாட்டாம வழுக்கிகினு போவற முடிச்சு.

– உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்களேன்.

– எதுக்கு?

– காட்டுங்க... எவ்ளோ மெத்துனு இருக்கு பாருங்க.

– பட்டு தொடற கைன்னு எங்கம்மா எங்களைப் பாத்திரம்கூடத் தேய்க்க விடமாட்டாங்க. சாம்பல் பட்டா கை சொரசொரன்னு ஆயிடும், நூல் சிலும்பிடும்னு... ஏய், எதுக்கு இப்ப இதைக் கேக்கறே?

– ஒண்ணும் இல்லைங்க.

– உன் கையும்தான் மெத்துனு இருக்கு. எப்பப் பாரு டப்பாவும் கையுமா கிரீம் தடவிகினே இருக்கே. ஊசி போடப் போற வூட்லயும் தடவிகினுதான் நிப்பே போல. நர்சம்மாவுக்கு இன்னா சோக்கு!

– பழக்கம் ஆயிடுச்சுங்க. சின்ன வயசுலேர்ந்து.

– ஹலோ... சதீஷா? வேன் எங்கப்பா நிக்குது? டீக்கடையாண்டயா? இரு இரு, உள்ள கொண்டாறாத. இன்னும் இங்க பஞ்சாயத்து முடியல... இல்லப்பா, வருவாங்க. ஜல்தியா வந்துடுவாங்க... நீ வேற பேஜார் பண்ணாத சதீஷ், வை போனை.

– இன்னா சொல்றாரு?

– தாமதமானா செய்யாறு போற வேற சவாரிக்குப் போயிடுவானாம். பாவி. ஐயோ, பக்கத்துத் தெருவுல பவர்லூம் சத்தம் வேற தலைக்குள்ளயே ஓடுது. உனக்குத் தெரியுமா சுபத்ரா, நாளைக்குக் கேம்ப்ல எனக்கு இருபத்தஞ்சு வருஷ பேட்ஜ் குத்தறாங்க. மாம்பழ கலர் சேலையை இஸ்திரி போட்டு எடுத்து வச்சிருக்கேன். மனு செல்லும்னு இதுங்க சொல்லிட்டா, ஒரு வருஷம் நான் டெஸ்ட் எடுக்கக் கூடாது. எந்த மூஞ்சியை வச்சுகினு மேடை ஏறுவேன்? பேட்ஜ் குத்தறவங்க கேக்க மாட்டாங்களா, ‘இன்னா லீலா, உங்க பொண்ணுங்களே உங்களை நீக்கிட்டாங்களாமே’ன்னு?

– அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்கக்கா.

– கேப்பாங்க. நானா இருந்தா கேப்பேன்.

– கதவு தொறக்குதுங்க.

– தேவிப்ரியா! முடிஞ்சுதாடி?

– ரெண்டு பேரும் எழுந்திருக்காதீங்க ப்ளீஸ். இன்னும் முடியல அத்தை... சாரி, அக்கா. மன்றத்துக்கு மூணு திங்ஸ் வேணும். கொடிக்கம்பத்துக் கயிறை அவுத்துக்கலாமா?

– கொடிக்கயிறா? அதை எதுக்குடி அவுக்கறே?

– அது மன்றத்து விஷயம். ரெண்டாவது, டெஸ்ட்ல மீந்த பட்டு நூல்.

– என் பையில கெடக்கு, எடுத்துக்கோ. மூணாவது?

– பழைய டெஸ்ட் நோட்டுங்க, கேம்ப்ல எக்சிபிஷனுக்கு வைக்கப் பொட்டியில எடுத்தாந்திருக்கீங்களே. அதுல ரெண்டாயிரத்து மூணாம் வருஷத்து நோட்டு.

– ரெண்டாயிரத்து மூணா? நீ பொறக்கவே இல்லியேடி அப்ப! அது எதுக்கு உங்களுக்கு?

– மனுல ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்கு அக்கா. அதை வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதியிருந்தது, அதான் உங்களுக்குப் படிக்கல. நோட்டு குடுங்க, டைம் ஆவுது.

– பொட்டியில நீல அட்டை. மேலயே இருக்கும். பாத்துப் பொரட்டு, பக்கம் எல்லாம் அப்பளமா நொறுங்குது... போயிட்டா. பாத்தியா, திரும்பிக்கூடப் பாக்காம கதவைச் சாத்தறா! சுபத்ரா, ரெண்டாயிரத்து மூணுல லாவண்யா எங்க இருந்தா?

– இப்ப லாவண்யான்னு சொன்னீங்க.

– இன்னா?

– அவ பேரைச் சொன்னீங்க. முதல் தடவையா.

– அடப் போம்மா, நான் எதைக் கேக்கறேன், நீ எதைச் சொல்றே? மனு அவளோடது இல்லியா அப்ப? வேற எவளாவது பழைய பொண்ணா? போடலாம்தான். ‘ஒரு தடவை உறுதிமொழி எடுத்தவளுக்கு எந்த வயசுலயும் மனு போட உரிமை உண்டு’ன்னு விதி இருக்கு. அதை எழுதினது...

– நீங்கதாங்க.

– நான்தான்! என் கையை ஒடிச்சு அடுப்புல போட. யாரா இருக்கும்? அந்த வருஷம் ஹேமலதா இருந்தா. அவ இப்ப பெங்களூர். ரேணுகாம்பாள் பொண்ணு ஒருத்தி. அவ டெஸ்ட்ல ஃபர்ஸ்ட்டு, அவ ஏன் போடறா? தேறாதவதானே போடுவா? உள்ளூர்ப் பொண்ணுங்க யாரும் முடிச்சுல தேறாமப் போனதே இல்ல.

– வெளியூர்ப் பொண்ணுங்க?

– அப்ப எல்லாம் வெளியூர்லேர்ந்து யாரும்மா வந்தாங்க? ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சது ஒண்ணு ரெண்டு வரும். பெரணமல்லூர் பொண்ணு ஒண்ணு, வெம்பாக்கம் பொண்ணு ஒண்ணு... வரும், நாலு வாரம் இருக்கும், நின்னுடும். நான்கூட நெனைப்பேன், இதுங்களுக்கு அக்கறையே இல்லைன்னு.

– முடிச்சு டெஸ்ட் எத்தனாவது வாரங்க வைப்பீங்க?

– நாலாவது வாரம்.

– ம்.

– இன்னாடி ‘ம்’? வாயைத் தொறந்து சொல்லேன்.

– மல்லாட்டை ஆய்ஞ்சிருக்கீங்களாக்கா? கடலைக் கொடியைப் புடுங்கி, ஒவ்வொரு காயா கையாலயே உருவி எடுக்கறது.

– துன்னுதான் இருக்கேன்.

– லாவண்யா டெஸ்டுக்கு முந்தின நாலு நாளும் அவங்கம்மா முனியம்மாவோட மல்லாட்டை ஆயப் போயிருந்தா. காலையில ஒக்காந்தா பொழுது சாயற வரைக்கும். மண்ணு காய்ஞ்சு, வெரல் நுனியெல்லாம் வெடிச்சு, தோலு முள்ளு முள்ளா நிக்கும். அந்தக் கையில பட்டு நூலைக் குடுத்தீங்க. தொட்ட உடனே ஒட்டிக்கும். உருவினா சிலும்பும். இழுத்தா அறுந்துடும். உங்கம்மா சாம்பல் தொட விடாம வளத்த கைக்கு, அது தெரியாதுங்கக்கா.

– அவளுக்கு முடிச்சே தெரியலைன்னுல்ல நான் நெனைச்சேன்!

– அதே முடிச்சு அவளுக்குத் தெரியுங்க. மாட்டுக் கயித்துல போடுவா, நான் பாத்திருக்கேன். உங்களைவிட வேகம்.

– நீ அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல? டெஸ்ட் அன்னிக்கு என் பக்கத்துலதானே நின்னே?

– நின்னேன். வாய் வரலைங்க.

– ஏன் வரல? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?

– உங்களைக் கண்டு பயம் இல்லைங்க. அவ நூலு அறுந்துச்சு பாருங்க, அப்ப எனக்கு அங்க நிக்க முடியல. பம்புசெட் பக்கம் போய் மூஞ்சி கழுவிகினு வந்தேன்.

– ஆமாம். தலைவலின்னு சொன்னே.

– பொய் சொன்னேன்.

– ஐயோ... மூணு தடவை அறுந்துது அவளுக்கு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ‘பொறுமை இல்லாத கை’ன்னு சொன்னேன். எல்லாப் பொண்ணுங்களையும் வச்சுகினு சொன்னேன். பொழுது முச்சூடும் ஒவ்வொரு காயா உருவற புள்ளையைப் பாத்து, பொறுமை இல்லைன்னு... எனக்குத் தோணவே இல்லியே சுபத்ரா. நெசமா சொல்றேன், கெட்ட எண்ணமே கிடையாது. பட்டு நூல் ஒரு கையில வழுக்கும், ஒரு கையில ஒட்டும்னு எனக்குத் தெரியாதா? எங்க வூட்ல பொறந்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அந்தப் புள்ளைங்க கையை நான் பாக்கவே இல்ல.

– அழாதீங்கக்கா.

– அழல. வேத்து ஊத்துது. அந்தக் கிரீமைக் குடு... வேணாம், வை. நான் இப்பவே போய் லாவண்யா கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுடறேன். எங்க இருக்கா அவ?

– இன்னிக்கும் மல்லாட்டைதாங்க. சந்தவாசல்ல.

– போற வழியில வேனைத் திருப்பச் சொல்றேன். சதீஷ் கெடக்கறான். ஒரு பொண்ணுதானே, சரி பண்ணிடலாம்.

– ஒரு பொண்ணு இல்லைங்கக்கா.

– ஆமாம்... அந்த ரெண்டாயிரத்து மூணு வேற இருக்கு. யாரா இருக்கும்? நீ இன்னா, எழுந்து நின்னுட்டே?

– வராங்க. கதவு தொறக்குது.

– மன்றம் முடிஞ்சது அக்கா. நான் தலைவியா தீர்ப்பு வாசிக்கணும். நீங்க நிக்கணும்.

– நிக்கறேன். வாசி தேவி.

– சுடர் அணி மன்றம், ஞாயித்துக்கெழமை. ஆறு குழுத் தலைவிங்களும் பட்டு நூல்லயும் கொடிக்கயித்துலயும் முடிச்சுப் போட்டுப் பாத்தோம். உள்ளூர்க்காரங்க நாலு பேரும் ரெண்டுலயும் தேறினோம். வெளியூர்க்காரங்க ரெண்டு பேரும் கயித்துல தேறினாங்க, பட்டுல தேறல. மனு செல்லும். ஆறு ஓட்டும் ஒரே பக்கம்.

– உன்னுதும்?

– என்னுதும் அத்தை.

– சரி. மேல வாசி.

– லாவண்யா கேம்ப்புக்கு வரணும். எடம் அவ்ளோதான், அதனால லிஸ்ட்ல கடைசி பேரு வெளிய போவணும். அது என் பேரு.

– அடிப்பாவி! உங்கப்பன் என்னைக் கொன்னுடுவான்டி!

– அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். அப்புறம், ஒரு வருஷம் நீங்க டெஸ்ட் எடுக்கக் கூடாது. பேட்ஜ் வாங்கிக்கலாம். அதைப் பத்தி மன்றத்துக்கு ஒண்ணும் இல்லை.

– இருக்கட்டும். ஒத்துக்கறேன். பேட்ஜ் குத்தறப்ப நானே சொல்லிடறேன், யாரும் கேக்கறதுக்கு முன்னாடி. அவ்ளோதானே?

– இன்னும் ஒண்ணு. மனுவோட ரெண்டாவது பக்கம். ‘ரெண்டாயிரத்து மூணாம் வருஷத்து நோட்டுல விட்டுப்போன ஒரு பேரை எழுதணும்.’ இதை மட்டும் எங்களால செய்ய முடியல அக்கா. வரிசை எண் பதினாலு. மத்த எல்லாருக்கும் பேரு, இனிஷியல், கிளாஸ், எல்லாம் இருக்கு. இதுல மட்டும் உங்க கையெழுத்துல ‘சந்தவாசல் பொண்ணு, தேறவில்லை’ன்னு போட்டிருக்கு. யாரு அது?

– குடு... குடு இங்க, கண்ணாடி எங்க போச்சு... இது... ஆமாம். ஒல்லியா ஒரு புள்ள. ஹாஸ்டல் பொண்ணு. சட்டை தோள்ல தொங்கும். ஏழாங்கிளாஸ். அது கையும் வெடிச்சுதான் இருந்துது தேவி, எனக்கு இப்பதான் ஞாபகம் வருது. மூணு தடவை நூலை அறுத்துடுச்சு. ‘நீ போய் உக்காரு’ன்னு சொல்லிட்டேன். இதோ இந்த வராண்டாலதான், அந்தத் தூண் ஓரமா போய் உக்காந்துது. ரெண்டு கையையும் மடியில விரிச்சு வச்சு அதையே பாத்துகினு இருந்துது. அடுத்த வாரம் வரல. நான் ஹாஸ்டலுக்குப் போய் ஏன் வரலைன்னு விசாரிக்கக்கூட இல்ல.

– பேரு சொல்லுங்க அக்கா. தையலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி நீங்களே உங்க கையால எழுதிட்டா நல்லது.

– பேரு... எனக்குத் தெரியலியேம்மா. நான் கேக்கவே இல்லியே அதுகிட்ட.

– பேனாவைக் குடு தேவி. எழுதுங்கக்கா, சுபத்ரான்னு. இனிஷியல் த. எங்கப்பா பேரு தருமன்.